ஆசை யாருடையது? அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையில் யூதப் பெண்

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையின் வரலாற்றை யூதர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. எழுதியவர்கள், தயாரித்தவர்கள், நடித்தவர்கள் எனத் தொழிலின் எல்லாப் படிகளிலும் அவர்கள் இருந்தார்கள். மூன்று பெரிய நெட்வொர்க்குகளைப் பல்லாண்டுகள் ஆண்ட மூவரும், சிபிஎஸ்ஸின் வில்லியம் பேலி, என்பிசியின் டேவிட் சார்னாஃப், ஏபிசியின் லெனார்ட் கோல்டன்சன், யூதர்களே. அப்படியிருந்தும் யூதப் பெண் தன் பெயரோடும் தன் வீட்டுப் பழக்கங்களோடும் கதையின் நடுவே நின்ற தொடர்கள் மிகச் சில. பெரும்பாலும் அவள் யாரோ ஒருவனின் அம்மாவாகவே வந்தாள். தொலைபேசியில் புலம்பினாள், சாப்பிடச் சொல்லி நச்சரித்தாள், மகன் அழைத்துவந்த பெண்ணைப் பார்த்து முகம் சுளித்தாள். கதை அவளைத் தாண்டித் தன் வழியே போயிற்று.

இந்த நிலை எப்படி உருவானது, எங்கெல்லாம் உடைந்தது, உடைந்த இடங்களில் என்ன மாறியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இத்தகைய ஆய்வுகள் வழக்கமாக ஒரு பட்டியலில் தொடங்கும். யூதப் பெண் சத்தமாகப் பேசுபவளாகக் காட்டப்படுகிறாளா, பணத்தாசை பிடித்தவளாக வருகிறாளா, பிள்ளைகளை மூச்சுமுட்ட அன்பு செய்கிறாளா என்று கணக்கிட்டு, நல்ல சித்திரிப்பு, கெட்ட சித்திரிப்பு என்று பிரித்துவிடுவார்கள். இந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே உரத்த குரல் ஒரு தொடரில் கதைக்கு முட்டுக்கட்டையாக இருக்கிறது, இன்னொரு தொடரில் கதையை இழுத்துச் செல்லும் விசையாக இருக்கிறது. குணங்களைப் பட்டியலிட்டால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். கதை நகர்வது யாருடைய ஆசையால்? அந்தப் பெண்ணுக்குத் தனக்கென்று வேண்டியது ஏதாவது இருக்கிறதா, அது கதையில் பொருட்படுத்தப்படுகிறதா?

இதுவரை சொல்லப்பட்டவை

இத்துறையில் தவிர்க்க முடியாத பெயர் ரிவ்-எலன் பிரெல். மானுடவியலாளரான இவர் 1999இல் வெளியிட்ட நூலில், யூதப் பெண்ணைப் பற்றிய கேலிச்சித்திரங்கள் யூதரல்லாதவர்களின் வெறுப்பிலிருந்து மட்டும் வந்தவை அல்ல என்று வாதிட்டார். அவற்றில் பல யூதச் சமூகத்துக்குள்ளேயே, ஆண்களின் பேச்சிலும் எழுத்திலும் உருவானவை. அமெரிக்கராக மாறத் துடித்த ஆண்கள், தங்களிடம் எஞ்சியிருந்த அந்நியத்தன்மையைப் பற்றிய கூச்சத்தைத் தங்கள் வீட்டுப் பெண்கள்மேல் இறக்கிவைத்தார்கள். புலம்பெயர்ந்தவளின் மொழி வாடை, சமையலறை மணம், பேராசை எல்லாம் தாயின் தலையிலும் மனைவியின் தலையிலும் விழுந்தன. ஆணுக்கு மிஞ்சியது புத்திக்கூர்மையும் நகைச்சுவையும்.

பிராண்டைஸ் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஜாய்ஸ் ஆன்ட்லர் 2007இல் யூதத் தாயின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். புலம்பெயர்ந்தோர் தலைமுறையில் பரிவின் வடிவமாக இருந்தவள், போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டாள் என்பதை அவர் காட்டுகிறார். 1950களின் சமூக அறிவியல் ஆய்வுகளுக்கும் 1960களின் ஆண் எழுத்தாளர்களுக்கும் அதில் பங்குண்டு. ஃபிலிப் ராத் 1969இல் எழுதிய நாவலின் சோஃபி போர்ட்னாய் அந்தப் பாதையின் உச்சம்.

டேவிட் ஸுராவிக் தொழில்துறைப் பக்கத்திலிருந்து பார்த்தார். நெட்வொர்க்குகளின் யூதத் தலைவர்களே, தங்கள் நிறுவனத்துக்கு யூத முத்திரை விழுந்துவிடக் கூடாதென்ற அச்சத்தில், யூதப் பாத்திரங்களைத் திரையிலிருந்து விலக்கிவைத்தார்கள் என்பது 2003இல் வந்த அவருடைய நூலின் மையக் குற்றச்சாட்டு. இதற்குச் சான்றாக அடிக்கடி சொல்லப்படும் நிகழ்வு ஒன்று உண்டு. மேரி டைலர் மூர் நடிக்கவிருந்த தொடரைப் பற்றிப் பேச ஜேம்ஸ் எல். புரூக்ஸும் ஆலன் பர்ன்ஸும் சிபிஎஸ் நிர்வாகிகளைச் சந்தித்தார்கள். அமெரிக்கப் பார்வையாளர்கள் நான்கு வகையினரை ஏற்பதில்லை என்று ஆராய்ச்சித் துறையின் பெயரால் அங்கே அவர்களிடம் சொல்லப்பட்டது: விவாகரத்தானவர்கள், நியூயார்க்வாசிகள், யூதர்கள், மீசை வைத்த ஆண்கள். பர்ன்ஸ் பிற்காலத்தில் இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். விவாகரத்தானவளாகத் திட்டமிடப்பட்ட மேரி, நிச்சயம் முறிந்தவளாக மாறியது அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான்.

பிரெலின் விளக்கம் ஆழமானது, ஸுராவிக்கின் விளக்கம் உறுதியான தடயங்களைக் கொண்டது. ஆனால் தடையை மீறி உள்ளே வந்த பெண்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதற்கு இவை இரண்டும் போதவில்லை. அதற்குத் தொடர்களுக்குள்தான் போக வேண்டும்.

ஜன்னலோரத்து மோலி

முதலில் வந்தவள் அடுத்தவர் எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசியவள் அல்ல. கெர்ட்ரூட் பெர்க் 1929 நவம்பரில் என்பிசி வானொலியில் கோல்ட்பெர்க் குடும்பத்தின் கதையைத் தொடங்கினார். எழுதியவரும் அவரே, மோலியாகப் பேசியவரும் அவரே. வானொலிக் காலத்திலேயே ஆயிரக்கணக்கான அத்தியாயங்கள் எழுதியவர் அவர். 1949 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு அந்தக் குடும்பம் வந்தது. 1951இல் சிறந்த நடிகைக்கான எம்மி விருது பெர்குக்குக் கிடைத்தது.

பிராங்க்ஸ் பகுதியின் அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கும் மோலி, ஜன்னலில் கைகளை ஊன்றிச் சாய்ந்தபடி எதிர்வீட்டுத் திருமதி புளூமைக் கூவி அழைப்பாள். அதே ஜன்னலிலிருந்து நேராகப் பார்வையாளர்களிடமும் பேசுவாள். பேச்சு மெல்ல நழுவி, நிகழ்ச்சியை வழங்கும் சாங்கா காபியின் பெருமைக்கு வந்து சேரும். விளம்பரம் எங்கே தொடங்கிற்று என்று பிரித்துச் சொல்வது கடினம். கணவன் ஜேக், பிள்ளைகள் ரோசலியும் சாமியும், மாமா டேவிட் என்று வீட்டில் யாருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் மோலி தலையிடுவாள், சில நேரம் அதை இன்னும் சிக்கலாக்குவாள், கடைசியில் சரிசெய்வாள். பெர்க் நேர்வாழ்க்கையில் அந்தப் புலம்பெயர்ந்தோர் உச்சரிப்பில் பேசியவர் அல்ல. சொற்களை இடம் மாற்றிப் போடும் அந்த ஆங்கிலம் அவர் கவனமாகச் செதுக்கியது.

மோலியை வெறும் இனிப்புப் பண்டமாக நினைத்துவிடக் கூடாது. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் தொழுகைக்கூடங்களும் கடைகளும் நொறுக்கப்பட்டன. அதற்கடுத்த பாஸ்கா பண்டிகையின்போது, 1939 ஏப்ரலில், கோல்ட்பெர்க் குடும்பம் விருந்துக்கு அமர்ந்திருக்கையில் ஜன்னலை உடைத்துக்கொண்டு கல் ஒன்று வந்து விழும்படி பெர்க் எழுதினார். லட்சக்கணக்கானவர்கள் கேட்கும் குடும்ப நிகழ்ச்சியில் அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

அவருடைய அதிகாரத்துக்கும் எல்லை இருந்தது. ஜேக்காக நடித்த ஃபிலிப் லோபின் பெயர், கம்யூனிஸ்டு ஆதரவாளர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைப் பட்டியலிட்டு 1950இல் வெளியான 'ரெட் சானல்ஸ்' வெளியீட்டில் இடம்பெற்றது. அவரை நீக்கச் சொல்லி விளம்பரதாரர் நெருக்கியபோது பெர்க் முதலில் மறுத்தார். விளம்பரதாரர் விலகினார், சிபிஎஸ் தொடரைக் கைவிட்டது. கடைசியில் 1952இல் லோப் இல்லாமல்தான் நிகழ்ச்சி மீண்டும் வந்தது. லோப் 1955இல் தற்கொலை செய்துகொண்டார். கதையை எழுதியவள், தயாரித்தவள், நடித்தவள் என மூன்று பொறுப்புகளையும் வகித்த பெண்ணாலும் தன் திரைக்கணவனைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் முன்வைத்த அளவுகோலில் மோலி எங்கே நிற்கிறாள்? நடுவில் நிற்கிறாள், எல்லாவற்றையும் நகர்த்துகிறாள். ஆனால் அவளுடைய ஆசைகள் யாவும் அடுத்தவர் நலன். மகளுக்கு இது வேண்டும், அண்டைவீட்டாருக்கு அது வேண்டும். தனக்கென்று அவள் எதையும் கேட்பதே இல்லை. பிறகு வந்த ஆண் எழுத்தாளர்கள் இந்தத் தாயின் தலையிடும் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய அறிவையும் தீர்க்கும் திறனையும் விட்டுவிட்டார்கள்.

ரோடா: மாடியறையில் இருந்தவள்

1970 செப்டம்பரில் 'மேரி டைலர் மூர் ஷோ' தொடங்குகிறது. மினியாபொலிஸ் நகருக்குப் புதிதாக வந்த மேரி தன் வீட்டுத் திரையை விலக்கினால், வெளியே நின்று ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் ரோடா மார்கன்ஸ்டர்ன். நியூயார்க்கின் பிராங்க்ஸிலிருந்து வந்தவள். அந்த வீடு தனக்குத்தான் வர வேண்டும் என்று சண்டைக்கு நிற்கிறாள். ஒரு யூதப் பெண் ஏதோ ஒன்று தனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தொலைக்காட்சி நகைச்சுவைக்குள் நுழைந்த இடம் இது என்பேன். வீடு கிடைக்கவில்லை. மாடியில் சரிவுக் கூரையின் கீழிருந்த சிற்றறைதான் அவளுக்கு.

முதல் அத்தியாயத்தை ஒத்திகையாகப் பார்வையாளர்கள் முன் நடித்துக் காட்டியபோது அவர்களுக்கு ரோடாவைப் பிடிக்கவில்லை. அடாவடிக்காரியாகத் தெரிந்தாள். வசனங்களைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்த ஒரு பெண் அதற்கு எளிய தீர்வு சொன்னார். வீட்டுக்கார அம்மாளின் சிறுமகள் பெஸ்ஸுக்கு ரோடா அத்தையைப் பிடிக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தார்கள், பார்வையாளர்கள் இளகினார்கள். இந்தச் சிறு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேரியை விரும்பப் பார்வையாளருக்குச் சிபாரிசு தேவைப்படவில்லை. ரோடாவுக்குத் தேவைப்பட்டது, அதுவும் ஒரு குழந்தையிடமிருந்து.

அடுத்த சில ஆண்டுகளில் ரோடாவின் நகைச்சுவையில் பாதி, தன் உடலைத் தானே கேலி செய்வது. 1972இல் வந்த ஓர் அத்தியாயத்தில் அவள் எடை குறைத்து, தான் வேலை பார்க்கும் கடையின் அழகுப் போட்டியில் வெல்கிறாள். ஆனால் வென்றதைத் தோழியிடம் சொல்லவே அவளுக்கு வாய் வரவில்லை. தன்னை அழகி என்று ஏற்பதைவிடக் கேலி செய்துகொள்வது அவளுக்குப் பழகிய வழி. ரோடாவாக நடித்த வலரி ஹார்ப்பர் அந்தத் தயக்கத்தைக் காட்டிய விதத்தில், கேலிக்குப் பின்னால் இருக்கும் காயம் முதன்முறையாக வெளியே தெரிந்தது. அதே ஆண்டின் வேறொரு அத்தியாயத்தில் மேரியின் புதுத் தோழி, யூதர்களைத் தன் கிளப்புக்குள் சேர்க்காதவள் என்று தெரியவருகிறது. நெட்வொர்க் நகைச்சுவையில் யூத வெறுப்பு அந்தப் பெயரிலேயே பேசப்பட்ட அபூர்வமான தருணங்களில் அது ஒன்று. அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் டிரீவா சில்வர்மன் போன்ற பெண்கள் இருந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

1974இல் ரோடாவுக்குத் தனித்தொடர் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 28 அன்று ஒளிபரப்பான அவளது திருமண அத்தியாயத்தை 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மணப்பெண் உடையைக் கைகளால் தூக்கிப் பிடித்தபடி சுரங்க ரயிலில் பிராங்க்ஸுக்குப் போகும் ரோடாவின் காட்சி இன்றும் பேசப்படுகிறது. இரண்டே ஆண்டுகளில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். சிபிஎஸ் நிர்வாகிகள் விலக்கச் சொன்ன நான்கு வகைகளில் நியூயார்க்காரி, யூதப் பெண், விவாகரத்தானவள் என மூன்றும் இப்போது ஒரே பெண்ணிடம் சேர்ந்துவிட்டன. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது, 1978இல் தொடர் நின்றது. அவர்களுடைய அச்சத்துக்கு இதை நிரூபணமாகக் கொள்ளலாமா? நான் அப்படிக் கருதவில்லை. 5 கோடிப் பேர் வந்தது அதே ரோடாவைப் பார்க்கத்தான். பிரிவுக்குப் பிறகு அவளுக்கு எது வேண்டும் என்பதை எழுதியவர்களால் தீர்மானிக்க முடியவில்லை என்பதே சரிவுக்குக் காரணம் என்று தோன்றுகிறது.

இத்தாலிய முகமூடி

ரோடாவுக்குப் பிறகான ஆண்டுகளில் யூதப் பெண் திரையை விட்டுப் போய்விடவில்லை, வேறு பெயரில் வந்தாள். 'தி கோல்டன் கேர்ள்ஸ்' (1985–1992) தொடரில் சோஃபியாவும் அவள் மகள் டோரத்தியும் சிசிலிய வம்சத்தவர்கள். நடித்த எஸ்டெல் கெட்டியும் பியா ஆர்தரும் யூதர்கள். 'சைன்ஃபெல்ட்' (1989–1998) தொடரில் ஜார்ஜின் குடும்பப் பெயர் கோஸ்டான்ஸா. ஆனால் அவனுடைய பெற்றோராக நடித்த எஸ்டெல் ஹாரிஸும் ஜெர்ரி ஸ்டில்லரும் யூதர்கள். அந்த வீட்டுச் சண்டைகளின் சுருதி எங்கிருந்து வருகிறது என்பதில் பார்ப்பவர்களுக்கு ஐயமே இருக்காது. 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' (1996–2005) தொடரின் இத்தாலிய அம்மா மேரி பரோனை நடித்தவர் யூத நடிகை டோரிஸ் ராபர்ட்ஸ். தொடரை உருவாக்கிய ஃபில் ரோசென்தால் தன் சொந்தப் பெற்றோரின் கதைகளைத்தான் பெரிதும் பயன்படுத்தினார்.

இதில் தவறென்ன, இரு சமூகத்தின் அம்மாக்களும் ஒரே மாதிரிதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. கிழக்குக் கரையின் புலம்பெயர்ந்தோர் குடியிருப்புகளில் இரண்டு சமூகங்களும் அடுத்தடுத்து வாழ்ந்தவை. ஆனால் மாற்றம் ஒரே திசையில்தான் நடந்தது. இத்தாலியராக்கினால் சந்தைக்கு ஏற்றது, யூதராக விட்டால் குறுகியது என்ற கணக்கு அதில் ஒளிந்திருந்தது. எதிர்ப்புறத்தில், வெளிப்படையான யூதப் பெண் வேடங்களில் யூதரல்லாத நடிகைகள் அமர்த்தப்பட்டார்கள். ரோடாவும் அவள் அம்மா ஐடாவும், அதாவது வலரி ஹார்ப்பரும் நான்சி வாக்கரும், யூதர்கள் அல்லர். தங்கையாக நடித்த ஜூலி காவ்னர் மட்டுமே யூதர்.

காதலிக்கப்படாதவள்

இதே காலத்தில் யூத ஆணுக்கு ஒரு பொற்காலம் வந்தது. அவன் கூர்மையானவன், பதற்றக்காரன், கவர்ச்சியானவன். அவன் காதலிப்பவளோ கட்டாயம் யூதரல்லாதவள். 1972இல் 'பிரிட்ஜெட் லவ்ஸ் பெர்னி', பிறகு 'எனிதிங் பட் லவ்', 'நார்தர்ன் எக்ஸ்போஷர்', 'மேட் அபவுட் யூ' என்று வரிசை நீள்கிறது. 1997இல் வந்த சைன்ஃபெல்ட் அத்தியாயம் ஒன்றில் யூதச் சிறுவன், அவன் தந்தை, மதகுருவான ரபி என எல்லோரும் தொடரின் முக்கியப் பெண் பாத்திரமான, யூதரல்லாத எலைன்மேல் மயங்குகிறார்கள். நகைச்சுவை அங்கே தன் சூத்திரத்தைத் தானே சொல்லிக்காட்டிவிட்டது.

கலப்புமணம் இரண்டு குடும்பங்களை மோதவிட வசதியான உத்தி என்பது வழக்கமான விளக்கம். உத்தி மட்டுமே காரணமென்றால் யூதப் பெண்ணும் யூதரல்லாத ஆணும் என்ற ஜோடி அதே அளவுக்கு வந்திருக்க வேண்டும். 1990களின் நடுப்பகுதி வரை அது அரிது. பிரெலின் வாதம் இங்கே வலுவாக நிற்கிறது. அமெரிக்காவை அடைவது என்பதன் உருவகமாக யூதரல்லாத காதலி இருந்தாள், விட்டுவந்த இடத்தின் உருவகமாக அம்மா இருந்தாள், இரண்டுக்கும் நடுவே யூதக் காதலிக்கு இடமே இல்லை.

'பிரிட்ஜெட் லவ்ஸ் பெர்னி'க்கு எதிராக யூத அமைப்புகள் கடுமையாகப் போராடின. பார்வையாளர் தரவரிசையில் முன்வரிசையில் இருந்தும் ஒரே பருவத்தில் அது நிறுத்தப்பட்டது. போராட்டத்தின் காரணம் சமூகத்துக்கு வெளியே மணம் செய்வதைத் தொடர் இயல்பாக்கிவிடும் என்ற கவலை. சமூகத்தின் மகள் காதலிக்கத் தக்கவளாகத் திரையில் எங்குமே இல்லையே என்ற கவலை அந்தப் போராட்டத்தில் முன்னுக்கு வரவில்லை. இந்த மௌனம் எனக்கு நெட்வொர்க்குகளின் தடையைவிடப் பெரிய துயரமாகத் தெரிகிறது.

ஃபிளஷிங்கிலிருந்து வந்தவள்

ஃபிரான் டிரெஷர் தன் அன்றைய கணவர் பீட்டர் மார்க் ஜேக்கப்சனுடன் சேர்ந்து உருவாக்கிய 'தி நானி' 1993 நவம்பரில் சிபிஎஸ்ஸில் தொடங்கியது. பாத்திரத்தை இத்தாலியப் பெண்ணாக மாற்றும்படி தன்னிடம் கேட்டதையும் தான் மறுத்ததையும் டிரெஷர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஃபிரான் ஃபைன் யூதப் பெண்ணாகவே இருந்தாள். நியூயார்க் குவீன்ஸ் பகுதியின் ஃபிளஷிங்கில் மணப்பெண் உடைக் கடையில் வேலையையும் காதலனையும் ஒருசேர இழந்து, அழகுசாதனப் பொருட்களை வீடுவீடாக விற்கப் போய், மன்ஹாட்டனில் பிரிட்டிஷ் நாடகத் தயாரிப்பாளர் ஒருவரின் மாளிகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்கிறாள்.

விமர்சகர்கள் பலர் இந்தத் தொடரைக் கண்டு கூசினார்கள். மூக்கால் பேசும் குரல், குட்டைப் பாவாடை, தள்ளுபடி விற்பனை வெறி, எப்படியாவது கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு, நெகிழித்தாள் உறை போட்ட சோஃபாவில் உட்கார்ந்து ஓயாமல் தின்னும் அம்மா சில்வியா. கேலிச்சித்திரத்தின் எல்லாக் கூறுகளும் அதில் இருந்தன என்பதை மறுக்க முடியாது. அம்மா சில்வியாவின் விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. ஆறு பருவங்களில் அவளுக்குச் சாப்பாடும் மகளின் கல்யாணமும் தவிர வேறு நாட்டம் ஏறக்குறைய இல்லை.

ஃபிரானின் விஷயம் வேறு. 146 அத்தியாயங்களையும் நகர்த்துவது அவளுடைய ஆசை. அந்த வீட்டின் எஜமானரை அவள் விரும்புகிறாள். அவரும் அவளை விரும்புகிறார், ஒப்புக்கொள்ளத்தான் ஐந்து பருவங்கள் ஆகின்றன. எஜமானர்மேல் கண் வைத்திருக்கும் பொன்னிற முடி கொண்ட மேட்டுக்குடிப் பெண் சி. சி. பாப்காக்தான் இந்த முறை தோற்பவள், கேலிக்கு ஆளாகுபவள். அரைநூற்றாண்டாக இருந்த ஏற்பாடு தலைகீழானது. வழக்கமாக யூதப் பெண்ணைத் தள்ளிவைக்கக் காரணமாகக் காட்டப்பட்ட குரலும் முடியும் உடையுமே அந்த மாளிகையின் குழந்தைகளையும் பணியாளர் நைல்ஸையும் அவள் பக்கம் இழுக்கின்றன. ஃபிரான் தன்னைத் திருத்திக்கொள்வதே இல்லை. மாறுவது அந்த வீடு.

இந்தத் தொடர் இத்தாலியில் 'லா தாதா' என்ற பெயரில் ஒளிபரப்பானபோது நடந்தது தனி ஆய்வுக்குரியது. மொழிமாற்றத்தில் ஃபிரான் ஃபைன், ஃபிராஞ்செஸ்கா கக்காச்சே என்ற இத்தாலியப் பெண்ணானாள், சில்வியா அவளுடைய அத்தையானாள். அமெரிக்காவில் டிரெஷர் மறுத்த முகமூடியைக் கடலுக்கு அப்பால் அவளுக்கு மாட்டிவிட்டார்கள். தொடர் அங்கே பெரும் வெற்றி பெற்றது. யூத அடையாளத்தை அகற்றியபின்னும் கதை ஓடியது என்றால், அந்த அடையாளம் வெறும் அலங்காரம்தானா என்ற கேள்வி எழும். அமெரிக்க வடிவில் அந்த அடையாளத்தின் எடை அதைச் சொல்லத் துணிந்ததில் இருந்தது என்பது என் பதில். சொல்லத் தடையே இல்லாத நாட்டில் வேறொரு அடையாளம் அந்த இடத்தில் பொருந்திவிடுகிறது.

சொந்தப் பேனா

2010களில் கேபிள் தொலைக்காட்சியும் ஓடிடி தளங்களும் வளர்ந்தபின் இளம் பெண்கள் தங்களையே எழுதத் தொடங்கினார்கள். இலானா கிளேஸரும் அபி ஜேக்கப்சனும் இணையத்தில் தொடங்கிய 'பிராட் சிட்டி' 2014 முதல் 2019 வரை காமெடி சென்ட்ரலில் ஓடியது. அதில் யூதத்தன்மை விளக்கப்படுவதும் இல்லை, மறைக்கப்படுவதும் இல்லை. 2015இல் வந்த ஓர் அத்தியாயத்தில் இலானாவின் பாட்டி இறந்துவிடுகிறாள். வீட்டில் துக்கம் காக்கும் சடங்கு நடக்கவிருக்கிறது. இலானாவும் அவள் அம்மா பாபியும் போலிக் கைப்பைகள் வாங்க நகரத்தின் பாதாளத்துக்குள்ளேயே இறங்கிப் போகிறார்கள். அம்மாவும் மகளும் ஒரே பைத்தியத்தில் கூட்டாளிகள். பாபியாக நடித்தவர் சூசி எஸ்மன். 'கர்ப் யுவர் எந்தூசியாசம்' தொடரில் ஆண்களை வாய்கூசாமல் வைது தள்ளும் சூசி கிரீனும் அவரே. அந்த வசவுகளை நான் எப்போதும் மதித்தே பார்த்திருக்கிறேன். தொடரின் நாயகன் லேரியின் பொய்களை முகத்துக்கு நேரே உடைப்பவள் அந்த உலகில் அவள்தான்.

ரேச்சல் புளூம் உருவாக்கி நடித்த 'கிரேஸி எக்ஸ்-கேர்ள்ஃபிரெண்ட்' (2015–2019) இன்னும் துணிந்தது. ஹார்வர்டிலும் யேலிலும் படித்த நியூயார்க் வழக்கறிஞர் ரெபெக்கா பஞ்ச், பதின்வயதுக் காதலன் ஜாஷைத் தேடி கலிஃபோர்னியாவின் வெஸ்ட் கோவினா என்ற ஊருக்குக் குடிபெயர்கிறாள். அவளுடைய ஆசை கதையை நகர்த்துகிறது என்று சொன்னால் போதாது, அந்த ஆசையே நோயாகவும் விசாரிக்கப்படுகிறது. மூன்றாம் பருவத்தில் அவளுக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு இருப்பது கண்டறியப்படுகிறது. அம்மா நயோமி முதன்முதலாக வீட்டுக்குள் வரும் காட்சியில் மகளைக் குறைசொல்வதே முழுப் பாடலாக விரிகிறது. பழைய யூதத் தாயின் எல்லா அம்சங்களும் அதில் உண்டு. ஆனால் கேமரா மகளின் கண்ணாக இருக்கிறது, அந்தச் சொற்கள் அவள் உடலில் எங்கே இறங்குகின்றன என்பதைக் காட்டுகிறது. பல பத்தாண்டுகளாக மகனின் புகாராகவே இருந்த தாய், இங்கே மகளின் கேள்வியாக மாறுகிறாள்.

இந்த அம்மா அச்சு யூதர்களோடு நின்றுவிடவில்லை. மிண்டி கேலிங்கும் லேங் ஃபிஷரும் உருவாக்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' (2020–2023) தொடரின் நளினி, அமெரிக்கத் தமிழ்க் குடும்பத்தின் விதவைத் தாய். கண்டிப்பு, மதிப்பெண், ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் எனப் புலம்பெயர்ந்தோர் அம்மாவுக்கான கச்சாப் பொருள் எல்லாம் அவளிடம் இருக்கிறது. கூடவே தொழிலும், துக்கமும், மீண்டும் காதலிக்கும் தயக்கமும் அவளுக்கு எழுதப்பட்டிருக்கின்றன. சில்வியா ஃபைனுக்குக் கிடைக்காதது நளினிக்குக் கிடைத்திருக்கிறது.

எதிர்ச்சான்றுகள்

இதுவரை சொன்னதைக் கேட்பவர், பெண் எழுதினால் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு வரக்கூடும். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை.

2024 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நோபடி வாண்ட்ஸ் திஸ்' தொடரை உருவாக்கியவர் எரின் ஃபாஸ்டர் என்ற பெண், யூத மதத்துக்கு மாறியவர். லாஸ் ஏஞ்சலிஸின் இளம் ரபி நோவாவும் யூதரல்லாத ஜோவானும் காதலிக்கிறார்கள். நோவா மென்மையானவன், வேடிக்கையானவன். அவனைச் சுற்றியுள்ள யூதப் பெண்களைப் பாருங்கள். முன்னாள் காதலி, அவன் கேட்பதற்கு முன்பே மறைத்துவைத்த மோதிரத்தைக் கண்டெடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அண்ணி எஸ்தர் கடுகடுப்பே உருவானவள். அம்மா பீனா முதல் சந்திப்பிலேயே ஜோவானை வெட்டிவிடத் துடிக்கிறாள். ஜோவான் விவரம் அறியாமல் பன்றியிறைச்சித் தட்டோடு விருந்துக்கு வருகிறாள். மற்றவர்கள் முன் அதை ஒதுக்கிய பீனா, சமையலறையில் தனியே அதைத் தின்னும்போது பிடிபடுகிறாள். டோவா ஃபெல்ட்ஷு அந்தக் காட்சியை மிக நன்றாக நடித்திருக்கிறார். நயோமியாக நடித்தவரும் அவரே. ஆனால் இங்கே அந்த அம்மாவின் பசி, அவளுடைய போலித்தனத்தை வெளிப்படுத்தும் சான்று மட்டுமே. அவளுக்கு வேறு எது வேண்டும் என்று தொடர் கேட்கவில்லை. 1990களின் ஆண் எழுத்தாளர்களின் ஏற்பாடு அப்படியே திரும்பியிருக்கிறது. இரண்டாம் பருவத்தில் எஸ்தரின் மணவாழ்க்கைக்குக் கூடுதல் இடம் தந்தபோது அவள் உடனே உயிர்பெற்றதையும் சொல்ல வேண்டும். அதே நடிகை, அதே கடுகடுப்பு, மாறியது அவளுக்குத் தரப்பட்ட இடம் மட்டுமே.

'தி மார்வெலஸ் மிஸஸ் மெய்ஸல்' (2017–2023) வேறு வகைச் சிக்கல். ஏமி ஷெர்மன்-பல்லடினோ எழுதிய மிட்ஜ் மெய்ஸல், மேடை வேண்டும் என்ற தணியாத ஆசை கொண்ட 1950களின் நியூயார்க் யூதப் பெண். என் அளவுகோலில் முழு மதிப்பெண் பெற வேண்டியவள். ஆயினும் அந்தத் தொடரின் யூத வாழ்க்கை கண்ணைப் பறிக்கும் உடைகளிலும் விருந்து மேசைகளிலும் தங்கிவிடுவதாகவே எனக்குப் படுகிறது. மிட்ஜாக நடித்த ரேச்சல் பிராஸ்னஹன் யூதர் அல்லர். யூதப் பெண் வேடங்கள் யூத நடிகைகளுக்கு மறுக்கப்படுவதைப் பற்றி நகைச்சுவைக் கலைஞர் சாரா சில்வர்மன் 2021இல் வெளிப்படையாகப் பேசியபின் இந்தக் கேள்வி சூடானது. நடிப்பு என்பதே மற்றவராக மாறுவதுதான் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. வலரி ஹார்ப்பரின் ரோடாவை வைத்துப் பார்த்தால், வேடத்தைப் பிறப்போடு கட்டிப்போட எனக்கும் மனமில்லை. சில்வர்மன் சுட்டியது தனிநபர் தேர்வை அல்ல, ஒழுங்கைத்தான். இத்தாலிய அம்மாவாகத் தோன்ற யூத நடிகை பொருத்தம், யூத நாயகியாகத் தோன்ற அவள் பொருத்தமில்லை என்ற கணக்கு நீண்டகாலம் நடந்திருக்கிறது. வாய்ப்பு இருபுறமும் சமமாகத் திறந்திருந்தால் இந்த விவாதத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

இன்னும் வெளியே இருப்பவர்கள்

மேலே பேசப்பட்ட பெண்கள் ஏறக்குறைய அனைவரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெநாசி யூதர்களின் வழித்தோன்றல்கள். பெரும்பாலோரின் வேர் நியூயார்க்கிலும் அதன் புறநகர்களிலும் இருக்கிறது. மோலி முதல் மிட்ஜ் வரை அவர்களுடைய சமையலும் யித்திஷ் சொற்களும் குடும்ப நினைவுகளும் ஒரே மூலத்திலிருந்து வருபவை. அமெரிக்க யூதர்கள் அவர்கள் மட்டும் அல்லர். புரூக்ளினில் சிரியாவிலிருந்து வந்த யூதர்களின் அடர்ந்த சமூகம் இருக்கிறது. 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானை விட்டு வந்த யூதக் குடும்பங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் பல்லாயிரக்கணக்கில் வாழ்கின்றன. தொலைக்காட்சித் தொடர்கள் எழுதப்படும் அறைகளிலிருந்து சில மைல் தொலைவில் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் தொழுகைக்கூடங்களும் உள்ளன. பாரசீகம் பேசும் பாட்டியோடும் வெள்ளிக்கிழமை இரவின் கோந்தி உருண்டைகளோடும் வளர்ந்த ஒரு பெண் நெட்வொர்க் நகைச்சுவையின் நாயகியாக இதுவரை நிலைபெறவில்லை. யூதப் பெண் என்றதும் மனத்தில் எழும் குரலை மோலியின் ஜன்னலிலிருந்து இங்கே வரை தொடர்ந்து கேட்டுவந்தவர்களுக்கு, அவளுடைய குரல் எப்படி ஒலிக்கும் என்று ஊகிக்கவும் அந்த மரபு எந்த உதவியும் செய்யவில்லை.